பார்க்கின்சன்: குரல் தணிந்தது தெரிகிறது, சொல் வராமல் நிற்கிறதே, அதற்கு என்ன வழி?

கனகராயன் கேட்டது:

வன்னியில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற சமூகப் புனர்வாழ்வுத் தொண்டர்களுக்காக இதைக் கேட்கிறேன். பார்க்கின்சன் நோயில் நடுக்கம், விறைப்பு, நடை பற்றி இவர்களுக்கு ஓரளவு பயிற்சி உண்டு. பேச்சு என்று வந்தால் "உரத்துக் கதைக்கப் பழக்குங்கோ" என்பதோடு நின்றுவிடுகிறது.

வழமையாகக் காண்கிற நிலைமை இது: 67 வயது, கமம் செய்தவர், நோய் கண்டு 5 வருடம். குரல் தணிந்துவிட்டது, அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைவிட வேறும் இருக்கிறது. கேள்வி கேட்டால் எட்டு, பத்து விநாடிக்குப் பிறகுதான் பதில் வாயில் வருகிறது. அதற்குள் கேட்டவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். மண்வெட்டி, கடகம், உரப்பை என்று பொருளின் பெயரைச் சொல்கிறார், அதை வைத்து என்ன செய்தது என்று சொல்ல வரும்போது நிற்கிறார். நீட்டி ஒன்றைச் சொன்னால் பாதிதான் பிடிபடுகிறது. வீட்டுக்காரர் "மறதி தொடங்கீற்றுது" என்று முடிவுகட்டி, அவரிடம் எதுவும் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள்.

இது குரல் தணிவோடு சேர்ந்ததா, தனியான ஒன்றா? பேச்சு மொழிச் சிகிச்சையாளர் இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? கிழமைக்கு நாலு நாள் சிகிச்சைக்கென்று யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்வர ஏலாத வீட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

பாலைமரம் எழுதியது:

தனியான ஒன்றுதான். அதைத் தனியாகப் பார்த்துக் கேட்டதற்கே நன்றி, பெரும்பாலும் இது யாருக்கும் கண்ணில் படுவதில்லை.

மூச்சு, குரல்நாண், நாக்கு, உதடு செய்கிற வேலை பேச்சு. சொல்லைத் தேடி எடுப்பது, வசனமாகக் கோர்ப்பது, மற்றவர் சொன்னதைப் பிரித்து விளங்குவது மொழி. பார்க்கின்சனில் டோபமின் என்ற மூளை இரசாயனம் குறைய, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் நரம்பு முடிச்சுகள் தடுமாறுகின்றன. கை கால் அசைவைத் தொடக்கிவிடுவது போலவே, சொல்லை எடுத்து வெளியே விடுவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. அதனால் இரண்டு பக்கமும் அடிபடும், ஆனால் ஒரே அளவில் அல்ல. குரல் நன்றாக இருந்தும் சொல் தேடித் தவிக்கிறவர்கள் உண்டு. குரல் ஒடுங்கியும் வசனம் குறையில்லாமல் அமைக்கிறவர்களும் உண்டு.

வீட்டிலேயே பிரித்துப் பார்க்க ஒரு சின்ன வழி: பத்திரிகையில் நாலு வரியை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிப்பு வராதவர் என்றால் நீங்கள் ஒரு வசனம் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு "இந்தமுறை காலபோகம் எப்பிடி?" என்று கேட்டு அவர் பாட்டுக்குக் கதைக்க விடுங்கள். சொல்லைக் கையில் கொடுத்தபோதும் சத்தம் குறைந்து உச்சரிப்புக் குழைந்தால் அது பேச்சுப் பக்கம். கொடுத்ததைச் சரியாகச் சொல்லிவிட்டு, தானாகச் சொல்லும்போது மட்டும் "அது... அந்த..." என்று நின்றால் மொழிப் பக்கம். இரண்டையும் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து வைத்தால் சிகிச்சையாளருக்கு அரைமணி வேலை மிச்சம்.

அடுத்தது ஒரு நிமிடச் சோதனை. ஒரு நிமிடத்துக்குள் தெரிந்த மிருகங்களின் பெயரையெல்லாம் சொல்லச் சொல்வோம். இந்த நோயில் அடிக்கடி காண்பது: முதல் 15 விநாடியில் மளமளவென்று ஐந்தாறு வரும், பிறகு சொல் வற்றிப்போகும். அப்போது "காட்டில நிக்கிறது?" என்று துப்புக் கொடுங்கள். மரை, பன்றி, யானை என்று திரும்பவும் வந்தால் சொற்கள் அழிந்துபோகவில்லை, எடுத்துக்கொண்டு வருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது. வீட்டுக்காரருக்கு முன்னால் இதைச் செய்து காட்டுங்கள். "மறதி" என்று எழுதி ஒதுக்கிய ஆளைப் பற்றிய நினைப்பே மாறும். துப்புக் கொடுத்தும் வரவில்லை, நாள் கிழமை தடுமாறுகிறது, இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்றால் அது வேறு கதை, வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, வசனம் விளங்குவது. தமிழில் இதை ஒரே ஓர் உருபை வைத்துப் பார்க்கலாம். "தம்பியைத் துரத்தின நாய்" என்று சொல்லி, துரத்தினது தம்பியோ நாயோ என்று கேளுங்கள். பிறகு "தம்பி துரத்தின நாய்" என்று சொல்லிக் கேளுங்கள். முதலாவதில் துரத்தினது நாய், இரண்டாவதில் தம்பி. நாய்தான் துரத்தும் என்ற உலக வழக்கை விட்டு, சொன்ன வசனத்தை மட்டும் பிடித்து விளங்க வேண்டியிருப்பதால் இரண்டாவதில் சறுக்குவார்கள். இது காது பிழையல்ல, கவனக்குறைவும் அல்ல. வசனத்தின் முன்பகுதியை மனதில் தாங்கி வைத்துக்கொண்டு பின்பகுதியோடு பொருத்தும் வேலை கனத்துப்போகிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும் என்பதால் இந்தத் தாங்கல் நீளும்.

இதிலிருந்தே வீட்டுக்கான முதல் மருந்து கிடைக்கிறது. "மத்தியானம் சாப்பிட்டாப் பிறகு போடச் சொல்லித் தந்த குளிசையைப் போட்டிட்டுப் படுக்க முன்னம் தம்பிக்கு ஒருக்கா கோல் எடுங்கோ" என்று ஒரு மகள் சொல்கிறார் என்று வையுங்கள். இதில் ஆறேழு வினை ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக் கிடக்கிறது. "அப்பா, இப்ப குளிசையைப் போடுங்கோ." போட்டு முடிந்த பிறகு, "தம்பிக்குக் கோல் எடுப்பம்." ஒரு வசனத்துக்கு ஒரு வினை. கேள்வி என்றால் "என்ன வேணும்?" என்று திறந்து விடாமல் "தேத்தண்ணியோ, பாலோ?" என்று இரண்டைக் கையில் கொடுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்தை எண்ண வீட்டுக்காரரைப் பழக்குவதுதான் மிகக் கடினம், அதற்கு இரண்டு மூன்று தரம் போக வேண்டியிருக்கும். அவர் தொடங்கிய வசனத்தை நீங்கள் முடித்து வைக்கவேண்டாம். சொல் நின்றால் முதல் எழுத்தை மட்டும் உதட்டில் காட்டுங்கள், அல்லது "எந்த இடத்தில?" என்று ஒரு துப்புக் கேள்வி போடுங்கள்.

வினைச்சொல் விடயம். பெயர்ச்சொல்லைவிட வினைச்சொற்கள், அதிலும் உடம்பசைவைக் குறிக்கும் வினைகள், இவர்களுக்குக் கூடுதலாகச் சிக்குகின்றன என்பதைப் பல மொழிகளில் பார்த்திருக்கிறார்கள். அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் அந்தச் சொற்களுக்கும் கைகொடுக்கின்றன என்பது ஒரு விளக்கம். பாரிசவாதத்தால் சொல் இழந்தவர்களுக்கு அமெரிக்காவில் லீசா எட்மண்ட்ஸ் வகுத்த வினை வலைப் பயிற்சியைச் சிகிச்சையாளர்கள் இந்த நோயிலும் பொருத்திப் பார்க்கிறார்கள். பார்க்கின்சனில் குரல் பயிற்சிக்கு இருக்கிற அளவு ஆதாரம் மொழிப் பயிற்சிக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் இந்தப் பயிற்சி தீங்கு இல்லாதது, செலவு இல்லாதது.

செய்முறை: நடுவில் ஒரு வினை, "வெட்டு" என்று வையுங்கள். யார் வெட்டுவார், எதை வெட்டுவார்? மூன்று சோடி அவர் வாயால் வரவேண்டும். கமக்காரன், நெல். தையல்காரர், துணி. மச்சாள், மீன். வராவிட்டால் இரண்டு சொல்லைக் கொடுத்து ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். பிறகு ஒரு சோடியை எடுத்து எங்கே, எப்போது, ஏன் என்று வளருங்கள்: "கமக்காரன் பங்குனிக்கு முன்னம் வயலில நெல்லு வெட்டுவான், மழை வந்தாப் பதராப் போகும்." காரணம் சரியோ பிழையோ, வாதாட வேண்டாம், வசனம் வந்தால் போதும். கடைசியாக "கமக்காரன் மீனைத் தைக்கிறான், சரியோ?" என்று பிழையான வசனம் இரண்டு போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு இருப்பில் மூன்று வினை, 20 நிமிடம். கமம் செய்தவருக்கு வரம்பு கட்டு, தண்ணி மறி, பசளை எறி, சூடு அடி என்று அவருடைய வினைகளையே எடுங்கள். பள்ளிக்கூடப் படப்புத்தகத்தில் உள்ள "பந்து உதை" அவருக்கு எதற்கு?

வீரையடி எழுதியது:

பாலைமரம் மொழியைச் சொல்லிவிட்டார், நான் குரலைச் சொல்கிறேன். 1978 இல் அமெரிக்காவில் 200 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்த ஆய்வில் 89 வீதமானோருக்குக் குரல் கோளாறு இருந்தது. ஆகவே இது விதிவிலக்கல்ல, வழமை.

முதலில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். வீட்டில் "மெல்லக் கதையுங்கோ" என்கிறார்கள். எங்கள் பேச்சில் "மெல்ல" என்றால் வேகம் குறைத்து என்றும் வரும், சத்தம் குறைத்து என்றும் வரும். ஏற்கெனவே சத்தம் இல்லாதவர் அதைக் கேட்டு இன்னும் ஒடுங்குவார். வேகத்துக்கு "ஆறுதலாக் கதையுங்கோ", சத்தத்துக்கு "உரத்துக் கதையுங்கோ". ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும், அது பெரும்பாலும் "உரத்து" ஆக இருக்கட்டும். உரத்துக் கதைக்க வாய் அகலத் திறக்கும், மூச்சு நிறையும், உச்சரிப்பும் கூடவே தெளியும்.

சொன்ன உடனே உரத்து வரும், இரண்டு வசனத்தில் மறுபடி தணியும். அது பிடிவாதம் அல்ல. தன் சத்தத்தை அளக்கும் உள் அளவுகோல் பிசகியிருக்கிறது. அவருக்குத் தன் குரல் சாதாரணமாகவே கேட்கிறது, சரியான சத்தத்தில் கதைத்தால் தான் கத்துவதாக நினைக்கிறார். இதனால்தான் ஒலிப்பதிவு முக்கியம். "இப்ப கத்தினனே" என்று அவர் சொன்னவுடன் அதைப் போட்டுக் காட்டுங்கள். அதில் சாதாரணக் குரல்தான் கேட்கும். எத்தனை தரம் விளக்கினாலும் நடக்காத ஒன்று அந்த நேரத்தில் நடக்கும்.

எல்எஸ்விடி லவுட் என்ற முறை இந்த அளவுகோலைத் திருத்துவதற்கென்றே அமைந்தது. லொரெய்ன் ரேமிக் என்பவரும் கூட இருந்தவர்களும் 1987 இல் தொடங்கியது, லீ சில்வர்மன் என்ற நோயாளியின் பெயரில் நிற்கிறது. கிழமைக்கு 4 நாள், 4 கிழமை, நாளுக்கு ஒரு மணித்தியாலம், மொத்தம் 16 அமர்வு. பிரித்தானியாவில் 388 பேரை வைத்துச் செய்து 2024 இல் வெளியான ஆய்வில் வழமையான பேச்சுச் சிகிச்சையைவிட இது மேல் என்று கண்டார்கள். அதற்கெனப் பயின்று சான்றிதழ் பெற்றவர்தான் இதைச் செய்விக்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 60 கிலோமீற்றருக்கு மேல், முல்லைத்தீவிலிருந்து இன்னும் கூட. கிழமைக்கு 4 நாள் நடவாத காரியம். 16 அமர்வை 8 கிழமைக்குப் பரப்பி, கிழமைக்கு 2 நாளாகச் செய்கிற வடிவம் உண்டு, அதைக் கேளுங்கள். வீடியோ அழைப்பில் செய்வதும் வெளிநாடுகளில் வழக்கமாகிவிட்டது. சிக்னல் இல்லாத இடத்தில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி, சிகிச்சையாளர் பதில் பதிவு போடுவதாவது நடக்கும். முதல் அமர்வுக்கு மட்டும் நேரே போக வேண்டும். அதற்கு முன் ஈ.என்.ரி (காது, மூக்கு, தொண்டை) கிளினிக்கில் குரல்நாணைப் பார்ப்பித்துவிடுங்கள். அங்கே கட்டியோ வாதமோ இருக்க நாங்கள் உரத்துப் பழக்கினால் கேடு.

வீட்டில் பாதுகாப்பாகச் செய்யக்கூடிய அளவு: முதுகு சாய்க்காத கதிரை, பாதம் இரண்டும் நிலத்தில். வயிறு நிரம்ப மூச்செடுத்து "ஆ" என்று முடியுமட்டும் நீட்ட வேண்டும், 10 முதல் 15 தரம். ஒவ்வொன்றையும் விநாடியில் எழுதி வையுங்கள். பிறகு தினமும் வாயில் வருகிற 10 வசனத்தை அவரே தெரிவுசெய்து, ஒவ்வொன்றும் 5 தரம், அதே உரத்த குரலில். "தேத்தண்ணி ஊத்து", "குளிசை போட்டிட்டன்", "மாடு அவிட்டாச்சே?" இப்படி. வாழ்க்கையில் ஒருநாளும் சொல்லாத வசனத்தை எழுதிக் கொடுத்தால் பயிற்சி கதிரையோடு நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைத்தால், தொண்டை நொந்தால், பயிற்சிக்குப் பிறகு குரல் கரகரத்தால் பிழையாகச் செய்கிறார், நிறுத்தி இரண்டு மிடறு தண்ணி கொடுங்கள்.

சத்தம் அளக்கும் செயலிகள் கைபேசியில் இருக்கின்றன. அவை காட்டும் டெசிபல் எண்ணைக் கைபேசிக்குக் கைபேசி ஒப்பிட ஏலாது. ஒரே கைபேசி, வாயிலிருந்து 30 சென்ரிமீற்றர், மின்விசிறியும் ரீவியும் நிறுத்தி, நேற்றையதோடு இன்றையதை ஒப்பிட மட்டும் பாவியுங்கள்.

நாள் முழுக்க "கேக்கேல்லை, கேக்கேல்லை" என்று சொல்லாமல் ஒரு சைகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், காதுக்குப் பின்னால் கை வைப்பது போதும். நாலு பேருக்கு முன்னால் அது அவருக்கு மரியாதையாகவும் இருக்கும்.

இரணைமடு எழுதியது:

கிளினிக் பக்கத்திலிருந்து சில விடயம்.

பயிற்சியைக் குளிசை வேலை செய்கிற நேரத்தில் வையுங்கள். பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற முக்கிய மருந்தான லெவோடோபா போட்டு 45 நிமிடம், ஒரு மணித்தியாலம் கழித்துப் பெரும்பாலும் சரியாக இருக்கும். இறைச்சி, மீன், முட்டை, பால் நிறைந்த சாப்பாட்டோடு போட்டால் அந்தப் புரதம் மருந்தை உறிஞ்சவிடாமல் போட்டி போடும், அதனால் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னர் போடச் சொல்வது வழக்கம். நடைக்கும் விறைப்புக்கும் கேட்கிற அளவு குரலுக்கு இந்த மருந்து கேட்பதில்லை. "குரல் வரேல்லை" என்று வீட்டிலே குளிசையைக் கூட்டக்கூடாது, சடாரென்று நிறுத்தவும் கூடாது.

கிளினிக் கொப்பியில் பென்ஸ்ஹெக்சோல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நடுக்கத்துக்குக் கொடுக்கிறது. வயது போனவர்களுக்கு வாயை உலர்த்தும், யோசனையை மந்தமாக்கும், சொல் தேடுவதை இன்னும் மோசமாக்கலாம். சொல் தடுமாற்றம் கூடியது அந்தக் குளிசை தொடங்கிய பிறகா என்று கேட்டு, நாளைக் குறித்து வைத்தியரிடம் காட்டுங்கள். சத்தி, தலைச்சுற்று என்று பார்மசிக்குப் போனால் மெற்றோகுளோப்ரமைட், புரோகுளோபெரசின் இரண்டும் டோபமினை மறிக்கும், இந்த நோயில் ஆகாது. கொப்பியின் முன்மட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

காது. எங்கள் பக்கத்தில் ஷெல் சத்தத்தில் காது அடிபட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். நோயாளிக்குக் கேட்கிறதா என்பதோடு, அவருடைய மனைவிக்குக் கேட்கிறதா என்றும் பாருங்கள். குரல் தணிந்தவரும் காது மந்தமானவரும் ஒரு வீட்டில் இருந்தால், எவ்வளவு குரல் பயிற்சி கொடுத்தாலும் பாதிதான் பலிக்கும்.

நேற்று வரை கதைத்தவர் இன்று திடீரென்று சொல் வராமல் நிற்கிறார், வாய் ஒரு பக்கம் கோணுகிறது என்றால் அது பார்க்கின்சன் அல்ல, பாரிசவாதமாக இருக்கலாம். இந்த நோய் ஒரு மணித்தியாலத்தில் கூடாது. உடனே 1990 ஐ அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

"ஆ" சொல்லும்போது குரல் தண்ணிக்குள்ளிருந்து வருவது போல் கொறகொறத்தால், சாப்பாட்டோடு இருமல் வந்தால், அடிக்கடி நெஞ்சுச் சளியோடு காய்ச்சல் வந்தால் விழுங்குவதில் பிழை இருக்கலாம். இருமல் இல்லாமலும் உணவு சுவாசக் குழாய்க்குள் போகும். அதையும் பார்ப்பவர் பேச்சுச் சிகிச்சையாளர்தான், ஆகவே வைத்தியர் அவரிடம் அனுப்பத் துண்டு எழுதும்போது இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். அதுவரை நிமிர்ந்து இருந்து சாப்பிடட்டும், வாயில் சோறு இருக்கக் கதை கேட்கவேண்டாம். நடக்கும்போதும் கதை கொடுக்க வேண்டாம். இரண்டு வேலை சேர்ந்தால் காலும் தடுக்கும், சொல்லும் தடுக்கும்.

இன்னொன்று, முகம். முகத்தசை விறைத்துப்போவதால் சிரிப்பும் கவலையும் வெளியே தெரியாது. "ஆள் எந்த நேரமும் கோபம்" என்று பேரப்பிள்ளைகள் கிட்டப் போகாமல் விடுகிறார்கள். உணர்ச்சியை வாயால் சொல்லப் பழக்கலாம்: "எனக்குச் சந்தோசம், நீ வந்தது." பிள்ளைகளுக்கும் ஏன் அப்படி என்று சொல்லிவிடுங்கள், பத்து வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும்.

கனகராயன் கேட்டது:

மூன்று பேருக்கும் நன்றி. இன்னொரு சிக்கல். வேறு சிலர் தணிந்த குரலோடு ஓட்டமாகக் கதைக்கிறார்கள், சொல் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. "ஆறுதலா" என்று சொல்லியும் நிற்கவில்லை. விரலால் தட்டித் தட்டிக் கதைக்கப் பழக்கினோம், கொஞ்ச நேரத்தில் விரலும் சேர்ந்து ஓடுகிறது. எழுத்து அட்டை என்று ஒன்று இருப்பதாகக் கேள்வி. தமிழில் 247 எழுத்தை ஒரு அட்டையில் எப்படிப் போடுவது?

பாலைமரம் எழுதியது:

விரல் ஓடுவது எதிர்பார்த்ததுதான். காலடி குறுகிக் குறுகி ஓட்டமாகிற அதே கோளாறு விரலிலும் நாக்கிலும் இருக்கிறது. தாளம் உள்ளே இருந்து வராது, வெளியே நிற்கிற ஒன்றைத் தொட்டாக வேண்டும். ஐந்து கட்டம் போட்ட நடைப்பலகையில் சொல்லுக்கு ஒரு கட்டமாகத் தொடுவது ஒரு வழி. தமிழில் "போட்டிட்டுவந்திட்டன்" என்று சொற்கள் ஒட்டி ஒன்றாய் வருவதால் "போட்டிட்டு / வந்திட்டன்" என்று முன்கூட்டியே பிரித்துப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கட்டத்துக்குள்ளேயே ஓடி முடித்துவிடுவார்.

எழுத்து அட்டை இதைவிட நல்லது. கதைக்கும்போதே ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் விரலால் தொட வேண்டும். தேடித் தொடுகிற நேரம் பேச்சைத் தானாக நிறுத்தி நிறுத்தி விடும், கேட்பவருக்கும் அடுத்த சொல் எது என்று பாதி தெரிந்துவிடும். 247 தேவையில்லை. முதல் எழுத்துத்தானே வேண்டும், தமிழில் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வராது. ஔ தவிர்த்து உயிர் 11. மெய்யில் க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ என்று 9. வெளியிலிருந்து வந்த சொற்களுக்கு ட, ர, ல, ஜ என்று 4. மொத்தம் 24 பெட்டி. கிணறு, கோழி, கடை எல்லாவற்றுக்கும் க ஒன்றே போதும். றோட்டுக்கும் ரேடியோவுக்கும் ர ஒன்றே போதும்.

ஏ4 தாளைக் கிடையாக வைத்து 6 நிரல், 4 நிரை, ஒவ்வொரு பெட்டியும் நாலரைச் சென்ரிமீற்றர். நடுங்குகிற விரலுக்கு அதைவிடச் சின்னது ஆகாது. அடியில் மிஞ்சுகிற இடத்தில் ஓம், இல்லை, திருப்பிச் சொல்லுறன், வேற கதை என்று நாலு பெட்டி. "வேற கதை" முக்கியம். விடயம் மாறியது தெரியாமல்தான் வீட்டில் பாதிக் குழப்பம் வருகிறது. பளபளக்கிற லமினேற்றிங் வெளிச்சத்தில் மின்னும், மங்கலான பிளாஸ்ரிக் உறை போட்டு மட்டையில் ஒட்டுங்கள். மணிக்கட்டை மேசையில் வைத்தபடி தொடட்டும், கையைத் தூக்கிப் பிடித்தால் நடுக்கம் கூடும்.

முதல் கிழமை சொல்லும் தொடுகையும் பிசகும். வாய் முந்தினால் நீங்கள் கையைக் காட்டி நிறுத்தி, அந்தச் சொல்லிலிருந்து திரும்பத் தொடங்கச் செய்யுங்கள். கேட்பவர் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனால் இன்னும் நல்லது, பிழையாக விளங்கியது அங்கேயே பிடிபடும். ஏழு நாள் கழித்து அட்டையைப் பாருங்கள், விரல் அழுக்கு எந்தப் பெட்டிகளில் படிந்திருக்கிறது என்று. அவற்றை அவருடைய கைக்குக் கிட்டவாக வைத்து இரண்டாவது அட்டையை வரையுங்கள். அதற்குப் பிறகு இடம் மாற்றவேண்டாம், கை அந்த இடங்களைப் பழகிவிட்டிருக்கும்.